எடை போயிற்று, தோல் போகவில்லை!

உடம்பு இளைத்தவர்களுக்கு வரும் புதிய தொல்லை
அதை அறுத்து எடுப்பது அழகுக்கா, ஆரோக்கியத்துக்கா?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் கிரிவலம். மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர் தூரம். லட்சக்கணக்கான மக்கள் நடக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மாளும் நடப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 42. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவர் எடை 118 கிலோ. இப்போது 68 கிலோ. 50 கிலோ குறைந்துவிட்டது. அதாவது ஒரு சிமெண்டு மூட்டையின் எடை!

இனி அவர் மான் போல நடக்க வேண்டும் அல்லவா? நடக்க முடியவில்லை. நான்கு கிலோ மீட்டர் போவதற்குள் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அக்கா, இவ்வளவு இளைச்ச பிறகுமா நடக்க முடியல?" என்று கூட வந்த பெண் கேட்கிறாள்.

"சதை போயிடுச்சு தங்கச்சி. பை மட்டும் மிச்சம்!" என்கிறார் அந்த அம்மாள்.

அடிவயிற்றில் தோல் மடிந்து தொங்குகிறது. தொடையோடு தொடை உரசுகிறது. மடிப்புக்குள் வியர்வை. வியர்வையால் எரிச்சல். எரிச்சலால் புண். இதுதான் அவர் உட்கார்ந்ததற்குக் காரணம்.

இந்த அம்மாள் நம் கற்பனைதான். ஆனால் அவர் படும் பாடு கற்பனை அல்ல. மிகப் பருத்த உடம்பு மளமளவென்று இளைத்தால், பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லை வருகிறது. அதற்கு ஆபரேஷன் உண்டு. அந்த ஆபரேஷன் என்ன? அதற்கு யார் பணம் கொடுப்பது? அது ஆடம்பரமா, அவசியமா? இவற்றை இன்று பார்ப்போம்.

தோல் ஏன் சுருங்கவில்லை?

பாவாடைக்குப் போடும் எலாஸ்டிக்கை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இழுத்துவிட்டால் பழையபடி சுருங்கிக்கொள்ளும். அதையே பத்து ஆண்டுகள் இழுத்து வைத்திருந்தால்? தளர்ந்துவிடும். பிறகு விட்டாலும் சுருங்காது.

நம் தோலும் இப்படித்தான். தோலுக்குள் இரண்டு வகை நார்கள் இருக்கின்றன. ஒன்று கொலாஜன். அது தோலுக்குப் பலம் கொடுக்கிறது. மற்றொன்று எலாஸ்டின். அது இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும். உடம்பு பல ஆண்டுகள் பருத்தே இருந்தால் இந்த நார்கள் நைந்து போகின்றன. பிறகு உள்ளே இருக்கும் கொழுப்பு கரைந்தாலும், மேலே இருக்கும் தோல் கூடவே சுருங்குவதில்லை.

வயது குறைவாக இருந்தால் தோல் ஓரளவு சுருங்கும். வயது ஏற ஏற அந்தச் சக்தி குறையும். புகை பிடிப்பவர்களுக்கும், வெயிலில் தோல் கெட்டவர்களுக்கும் இன்னும் குறையும்.

உடற்பயிற்சி செய்தால் போகாதா? தசை வலுப்படும். கொஞ்சம் நிரப்பிக் கொடுக்கும். ஆனால் முழம் கணக்கில் தொங்கும் தோல் பயிற்சியால் மறையாது. களிம்பு தடவினாலும் மறையாது. "பூசினால் பத்தே நாளில் தோல் இறுகும்" என்று யாராவது விற்றால், வாங்கி ஏமாறாதீர்கள்.

நமக்கு என்ன என்று இருக்கலாமா?

இது பணக்காரர் வீட்டுக் கவலை என்று சிலர் நினைக்கலாம். கணக்கைப் பாருங்கள்.

எடையைக் கிலோவில் எழுதுங்கள். உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதனாலேயே பெருக்குங்கள். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுங்கள். வருவதற்கு உடல் எடைக் குறியீடு என்று பெயர். 25 அல்லது அதற்கு மேல் இருந்தால் எடை அதிகம். நம் கீழ்பென்னாத்தூர் அம்மாளின் உயரம் 1.55 மீட்டர் என்றால், முன்பு அவர் குறியீடு 49. இப்போது 28.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பெண்களில் 40 பேர் இந்த 25-ஐ எட்டியவர்கள் அல்லது தாண்டியவர்கள். ஆண்களில் 37 பேர். அதற்கு முந்தைய கணக்கெடுப்பு 2015-16இல் நடந்தது. அப்போது பெண்களில் 31 பேர். ஆண்களில் 28 பேர்தான். ஐந்தாண்டுக்குள் எவ்வளவு ஏற்றம் பாருங்கள்! இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் பெண்களில் 24 பேர், ஆண்களில் 23 பேர். நாம் நாட்டுச் சராசரியைத் தாண்டிப் போய்விட்டோம்.

இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உணவைக் குறைத்து, நடந்தாலே போதும். மிக அதிக எடை உள்ள சிலர் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்கிறார்கள். சென்னையில் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் இந்த ஆபரேஷன் நடந்திருக்கிறது.

இப்போது ஊசி மருந்தும் வந்துவிட்டது. மவுஞ்சாரோ என்ற மருந்து 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. விகோவி 2025 ஜூனில் வந்தது. வாரம் ஒரு ஊசி. பசி குறைகிறது, எடையும் குறைகிறது. விகோவியில் இருக்கும் செமாகுளுடைட் என்ற மருந்துக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். காப்புரிமை தீர்ந்த பிறகு பல கம்பெனிகள் தயாரிக்கலாம், விலையும் இறங்கலாம்.

ஆகவே வருங்காலத்தில் நிறையப் பேர் இளைக்கப் போகிறார்கள். நல்லதுதான். ஆனால் இளைத்த பிறகு தொங்கும் தோலைப் பற்றி யாராவது யோசித்தார்களா?

என்னென்ன தொல்லை?

அடிவயிற்றுத் தோல் சிலருக்கு மடிமேல் விழும். சிலருக்குத் தொடை வரை வரும். மடிப்புக்குள் காற்றுப் புகாது. வியர்வை காயாது. நம் ஊர் வெயிலைச் சொல்ல வேண்டுமா? சித்திரை, வைகாசியில் மல்லாட்டைக் கொல்லையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், தெரியும்.

ஈரமான மடிப்பில் காளான் கிருமி வளரும். அரிப்பு, சிவப்பு, வெடிப்பு, நாற்றம் வரும். சர்க்கரை நோயும் இருந்தால் புண் லேசில் ஆறாது. களிம்பு போட்டால் ஆறும்; விட்டால் மறுபடி வரும்.

குனிந்து வேலை செய்வது கடினம். இடுப்பு வலிக்கும். புடவை, ரவிக்கை, கால்சட்டை எதுவும் சரியாகப் பொருந்தாது. கைத் தோல் தொங்குவதால் வெயில் காலத்திலும் நீளக் கை சட்டை போடுபவர்கள் இருக்கிறார்கள்.

உடம்பின் தொல்லையோடு மனத்தின் தொல்லையும் சேரும். பருமனாக இருந்தபோது ஒரு கேலி. இளைத்த பிறகு வேறு கேலி. "ஏதாவது சீக்கா?" என்று கேட்பார்கள். கஷ்டப்பட்டு எடை குறைத்தவர்கள் கண்ணாடி முன் நிற்கக் கூசுகிறார்கள். சிலர் வெறுத்துப் போய்ப் பழையபடி சாப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஆபரேஷன் எப்படி நடக்கிறது?

இது பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர்கள் செய்யும் வேலை. பிளாஸ்டிக் என்றதும் வாளி, குடம் என்று நினைக்க வேண்டாம். "உருவம் கொடுத்தல்" என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அறுந்த மூக்கைத் தோலால் ஒட்ட வைக்கும் வித்தை நம் நாட்டுக்குப் பழையது. புனாவில் மாட்டு வண்டி ஓட்டிய ஒருவருக்கு இப்படி மூக்கு வைத்த செய்தி, 1794இல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்தது.

வயிற்றில் தொங்கும் தோலை அறுத்து எடுப்பதும் புதிதல்ல. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஹோவர்டு கெல்லி என்ற டாக்டர் 1899லேயே செய்திருக்கிறார்.

அடிவயிற்றில் இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரை கீறுகிறார்கள். தொங்கும் தோலையும், அதோடு ஒட்டிய கொழுப்பையும் எடுக்கிறார்கள். மிச்சத்தை இழுத்துத் தைக்கிறார்கள். இதற்குப் பானிகுலெக்டமி என்று பெயர். வயிற்றுத் தசையையும் இறுக்கித் தைத்து, தொப்புளையும் சரியான இடத்தில் வைத்தால் அதற்கு அப்டமினோபிளாஸ்டி என்று பெயர். கை, தொடை, மார்பு ஆகியவற்றிலும் இப்படி எடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்வதில்லை. சில மாதங்கள் இடைவெளி விட்டுப் படிப்படியாகச் செய்கிறார்கள்.

முழு மயக்கம் கொடுக்கிறார்கள். சில மணி நேரம் ஆகும். உள்ளே ஊறும் நீர் வெளியேறச் சிறிய குழாய் வைக்கிறார்கள். மறுநாளே எழுப்பி நடக்க வைக்கிறார்கள். இறுக்கமான பெல்ட் சில வாரங்கள் போட வேண்டும். சுமார் ஆறு வாரம் தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது. பாரம் எதுவும் தூக்கக்கூடாது.

ஒன்றை மறக்க வேண்டாம். இது எடையைக் குறைக்கும் ஆபரேஷன் அல்ல. எடை குறைந்த பிறகு செய்வது.

அவசரம் கூடாது!

இரைப்பை ஆபரேஷன் செய்தவர்கள் ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை பொறுத்திருக்க வேண்டும். கடைசி ஆறு மாதமாவது எடை ஏறாமல், இறங்காமல் நிலையாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தைத்த பிறகு மறுபடி தொங்கும்; அல்லது மறுபடி பருக்கும்.

குறைவாகச் சாப்பிட்டு இளைத்தவர்களுக்குப் புரதச் சத்து, இரும்புச் சத்து, பி12 வைட்டமின் குறைந்திருக்கும். அந்த நிலையில் கத்தி வைத்தால் புண் ஆறாது. ரத்தத்தைப் பரிசோதித்துக் குறையை முதலில் சரி செய்ய வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். பீடி, சிகரெட்டைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். பிள்ளை பெறும் எண்ணம் உள்ள பெண்கள் அது முடிந்த பிறகு செய்துகொள்வது நல்லது.

ஆபத்து இல்லையா? உண்டு. தையல் பிரியலாம். சீழ் பிடிக்கலாம். உள்ளே நீர் கட்டலாம். ரத்தம் கசியலாம். காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நீளத் தழும்பு நிச்சயம். சில இடங்களில் மரத்துப் போகும்.

எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர், 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உயிர் இழந்தார். அரசாங்கம் விசாரணை நடத்தியது. ஆஸ்பத்திரியின் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. அது வேறு ஆபரேஷன்தான். ஆனால் பாடம் ஒன்றுதான். பெரிய ஆபரேஷனை விளம்பரம் பார்த்து முடிவு செய்யக்கூடாது. டாக்டர் எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா என்று கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

அழகா? நோயா?

இங்கேதான் வழக்கு! தொங்கும் தோலை எடுப்பது அழகு வேலை என்று சொல்லிவிட்டால், பணம் நம் கையிலிருந்து போகும். நோய்க்கு வைத்தியம் என்று சொன்னால், காப்பீடு கொடுக்க வேண்டி வரும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை மேற்பார்வை செய்யும் ஆணையம் 2019இல் சில விதிச் சொற்களை வகுத்தது. இன்றும் பாலிசிகளில் அவற்றைக் காணலாம். அதன்படி இரைப்பை ஆபரேஷனுக்குக் குறியீடு 40 இருக்க வேண்டும். அல்லது 35 இருந்து, கூடவே கடுமையான நோய்களும் இருக்க வேண்டும். அப்போது பணம் கேட்கலாம்.

பிளாஸ்டிக் சர்ஜரிக்கு என்ன விதி? தோற்றத்தை மாற்றும் வைத்தியத்துக்குப் பணம் கிடையாது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகு உறுப்பைச் சீராக்கினால் உண்டு. உடல் நலத்துக்கு நேரான, உடனடியான ஆபத்து இருந்து, அதை நீக்க இது அவசியம் என்று வைத்தியம் பார்க்கும் டாக்டர் சான்று கொடுத்தாலும் உண்டு.

கடைசி வரியைக் கவனியுங்கள். அங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. ஆனால் சிறிய கதவு! மடிப்புப் புண் "உடனடி ஆபத்து" தானா? ஒருவர் ஆம் என்பார். ஒருவர் இல்லை என்பார்.

ஜி.எஸ்.டி. வரியிலும் இதே கதைதான். 2017 அறிவிப்பின்படி வைத்தியத்துக்கு வரி விலக்கு உண்டு. அழகு ஆபரேஷனுக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் விலக்கு இல்லை. பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, காயம் இவற்றால் கெட்ட உறுப்பைச் சீராக்கினால் மட்டும் விலக்கு. எடை குறைந்து தொங்கும் தோலின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு தபால்காரரின் கதை

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் இல்லை. இங்கிலாந்தில் பால் மேசன் என்று ஒருவர். முன்பு தபால்காரராக வேலை பார்த்தவர். ஒரு காலத்தில் அவர் எடை 440 கிலோவுக்கு மேல்! 2010இல் அரசாங்கச் செலவில் அவருக்கு இரைப்பை ஆபரேஷன் நடந்தது. நூற்றுக்கணக்கான கிலோ குறைந்தது. ஆனால் தொங்கும் தோல் அவரை நடக்க விடவில்லை. தோலை எடுக்கும் ஆபரேஷன் அங்கே எளிதில் கிடைக்கவில்லை. அவர் கதை அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. அதைப் படித்த நியூயார்க் பெண் டாக்டர் ஒருவர், கூலி வாங்காமல் செய்வதாக முன்வந்தார். 2015இல் ஆபரேஷன் நடந்தது. எடுத்தது எவ்வளவு தெரியுமா? 20 கிலோவுக்கு மேல்!

அவருக்குப் பத்திரிகை உதவியது. எல்லோருக்கும் உதவுமா?

ஸ்டான்லி காட்டிய வழி

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. மார்பைச் சிறிதாக்கும் ஆபரேஷன், சீராக்கும் ஆபரேஷன் ஆகியவை ஏழைப் பெண்களுக்கு இலவசம். உடனே விவாதம் எழுந்தது. "உயிர் காக்கும் வைத்தியம் எத்தனையோ காத்திருக்க, அழகுக்கு அரசாங்கப் பணமா?" என்று சிலர் கேட்டார்கள். "மார்பு அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் கழுத்து வலி, முதுகு வலி வருகிறதே, அது நோய் இல்லையா?" என்று மற்றவர்கள் கேட்டார்கள்.

இரண்டு கேள்வியிலும் நியாயம் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் தீக்காயம் பட்டவர், விபத்தில் கை நசுங்கியவர், உதடு பிளந்து பிறந்த குழந்தை எல்லோரும் அதே பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டருக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு வேறு யாரையும் முன்னே விட முடியாது.

அதே சமயம், இரைப்பை ஆபரேஷனுக்கு உதவிவிட்டு, அதன் விளைவாக வரும் புண்ணைப் பார்த்து "இது அழகு" என்று கையை விரிப்பதும் பொருந்தவில்லை. பாதி வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, கூரை ஆடம்பரம் என்று சொல்வது போல இருக்கிறது!

நடுவழி ஒன்று உண்டு. தோற்றத்தைப் பார்க்காமல் தொல்லையைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். மடிப்புப் புண்ணுக்குச் சில மாதம் முறையாக மருந்து போட்டும் ஆறவில்லையா? நடக்க, உட்கார, வேலை செய்ய முடியவில்லையா? எடை நிலையாக நிற்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று தோல் டாக்டரும் சர்ஜரி டாக்டரும் சேர்ந்து சான்று கொடுத்தால், அதை நோய் என்று ஏற்கலாம். வெறும் தோற்றத்துக்காகக் கேட்பவர் சொந்தச் செலவில் செய்துகொள்ளட்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை உதவுகிறது. இந்தத் தொல்லைக்கு என்ன வழி என்பதை அந்தத் திட்டம் தெளிவாக எழுதி வைத்தால், டாக்டருக்கும் நிம்மதி, நோயாளிக்கும் நிம்மதி.

கீழ்பென்னாத்தூர் அம்மாள் என்ன செய்யலாம்?

முதலில் கூச்சத்தை விட வேண்டும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் புண்ணைக் காட்ட வேண்டும். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் 2021 ஆகஸ்டு முதல் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டு வரும் பெண்ணிடம் சொன்னாலும் வழி காட்டுவார்.

மடிப்பைத் தினமும் கழுவி, ஈரம் இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். பருத்தித் துணி அணிய வேண்டும். டாக்டர் சொன்ன களிம்பைச் சொன்ன நாள் வரை போட வேண்டும். தோல் டாக்டரிடம் காட்டிய சீட்டு, எடை எழுதிய சீட்டு, புண்ணின் படம் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு பைக்குள் பத்திரமாக வைக்க வேண்டும். நாளை காப்பீடு கேட்கும்போது அந்தக் காகிதங்கள்தான் பேசும்.

அடுத்து திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 2013இல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே காட்டி, தேவைப்பட்டால் சென்னைக்குச் சீட்டு வாங்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

இனிமேல் எடை குறைக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊசியோ, ஆபரேஷனோ ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: "இளைத்த பிறகு என் தோல் என்ன ஆகும்?" பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தோல் தொங்குவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 50 கிலோவை இறக்கி வைத்த உழைப்பின் அடையாளம் அது. ஆபரேஷன் வேண்டாம் என்று அவர் முடிவு செய்தால், அதுவும் அவர் உரிமை. தழும்போடு வாழ்வதா, தோலோடு வாழ்வதா என்பதை உடம்புக்குச் சொந்தக்காரர்தான் தீர்மானிக்க வேண்டும். நல்ல வழி எது, அதற்கு எவ்வளவு ஆகும், யார் கொடுப்பார் என்ற உண்மையை மட்டும் அவருக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பௌர்ணமி மாதந்தோறும் வரும். அந்த அம்மாளும் ஒரு நாள் 14 கிலோ மீட்டரையும் புண் இல்லாமல் நடந்து முடிக்கட்டும்!